கிளைடர் டிரெய்லரின் மூடி: பட்டறை நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 3

அக்கா மகன் இன்று மாலை ஒன்பது மீட்டர் நீளமுள்ள பெட்டி வண்டி ஒன்றை ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையிலுள்ள என் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். சாலையில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். வேறு மாநிலத்துக் கிளைடர் சங்கம் ஒன்று பழைய சாமான்களைக் கழித்தபோது ஏலத்தில் எடுத்ததாகச் சொன்னான். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாமல் காற்றோட்டத்தில் மிதந்து பறக்கும் விமானம். அதன் இரண்டு இறக்கைகளையும் கழற்றி, உடலுக்கு இருபுறமும் நீளவாக்கில் விளிம்பில் நிறுத்தி, இத்தகைய தாழ்வான பெட்டிக்குள் வைத்துச் சாலையில் கொண்டுபோவார்கள். பதினைந்து மீட்டர் இறக்கை விரிவுள்ள கிளைடருக்கு ஓர் இறக்கை ஏழரை மீட்டர் வரும் என்பதால்தான் வண்டிக்கு இந்த நீளம்.

இவனுக்குக் கிளைடரைப் பற்றிக் கவலையில்லை. சந்தூர், பர்கூர் பக்கம் மாந்தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதித்துக் கொடுக்கும் தொழில் செய்பவன் அவன். இருபதடி பி.வி.சி. குழாய்களை வெயில் படாமலும் வளையாமலும் கொண்டுபோக இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைக்காது என்பது அவன் கணக்கு, அதில் குறை சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை.

குறை மூடியில்தான் இருக்கிறது. முழு மூடியும் முன்முனையிலுள்ள கீலில் சுழன்று பின்பக்கம் மேலே எழும்படி செய்திருக்கிறார்கள். பெட்டி தாழ்வானது, உள்ளே குனிந்து வேலை செய்ய முடியாது. மூடி எழுந்தால் நின்றபடியே பொருளை எடுக்கலாம். ஆனால் இப்போது மூடி எழுவதுமில்லை, எழுந்தால் ஒழுங்காக இறங்குவதுமில்லை.

ஏப்ரல் 4

காலையில் நிதானமாகப் பார்த்தேன். மூடியின் இருபுறமும் பக்கத்துக்கொன்றாக இரண்டு கேஸ் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. கார் டிக்கியைத் தாங்குமே, அதே சாதனம், உருவத்தில் பெரியது. வண்டியை வாங்கியபோது அவை செத்துப் போயிருந்தனவாம். அதனால் அவன் வழியில் ஒரு கடையில் 2000 நியூட்டன் (ஏறத்தாழ 200 கிலோவைத் தூக்கும் விசை) என்று அச்சிட்ட லாரி ஸ்பிரிங்குகளை வாங்கிப் பூட்டியிருக்கிறான். அதன்பிறகு மூடியைச் சாத்த இரண்டு பேர் மேலே ஏறி உட்கார வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் இடது பக்க பிராக்கெட் ரிவெட்டுகளோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

“பலமானதாகப் போட்டால் நல்லதுதானே, மாமா?” என்று கேட்டான். கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல என்று சொன்னேன். முகம் சுருங்கியது. சொன்ன விதம் கொஞ்சம் கடுமைதான்.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்பிரிங்கின் தண்டு மேல்நோக்கி இருக்கும்படி தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள். உருளைக்குள் அழுத்தமான நைட்ரஜன் வாயுவோடு சிறிதளவு எண்ணெயும் இருக்கும். தண்டு கீழே பார்த்திருந்தால் அந்த எண்ணெய், தண்டைச் சுற்றி வாயுவை அடைத்திருக்கும் சீலின் மேல் தேங்கி அதை ஈரமாக வைத்திருக்கும். மேலே பார்த்திருந்தால் சீல் உலர்ந்து, வாயு மெல்ல மெல்லக் கசிந்துவிடும். பழைய ஸ்பிரிங்குகளும் இப்படித்தான் செத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 6

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். இறுகிப்போன பந்து மூட்டு ஒன்று ஸ்பேனருக்கு அசையாததால், பட்டறைப் பையன் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து அதைச் சூடாக்கப் போனான். நான் கத்திய கத்தலில் பக்கத்து கிரானைட் பட்டறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். செத்த ஸ்பிரிங் என்று நாம் நினைப்பதற்குள்ளும் அழுத்தம் மீதி இருக்கும். அதைச் சூடாக்கினாலோ, அறுத்தாலோ, துளைத்தாலோ துப்பாக்கிக் குண்டு போலத் தண்டு பாயக்கூடும். துருவுக்கு எண்ணெய் ஊற்றி ஒருநாள் இரவு விட்டுவைக்கும்படி சொன்னேன்.

ஏப்ரல் 7

மூட்டு கழன்றது. செத்த பழையவை இரண்டு, அவன் பூட்டியவை இரண்டு, ஆக நான்கு ஸ்பிரிங்குகளும் இப்போது மூலையில் தனியாக இருக்கின்றன.

இனி வேண்டியது எடை. மூடி முழுவதையும் கழற்றி எடைபோடத் தேவையில்லை. ஸ்பிரிங் இல்லாத நிலையில் மூடியின் பின்முனையை மட்டும் தராசில் தொங்கவிட்டு, அது காட்டும் கிலோவைக் கீல் வரையுள்ள நீளத்தால் பெருக்கினால், கீலைச் சுற்றி மூடி இழுக்கும் இழுவை கிடைத்துவிடும். புளி மண்டியிலிருந்து தொங்கு தராசை இரவல் வாங்கி, கிரானைட் பட்டறையின் செயின் பிளாக்கில் மாட்டி ஒரு விரல்கடை தூக்கினோம். தராசு 58 கிலோ காட்டியது. நீளம் எட்டரை மீட்டர். ஆக, ஏறத்தாழ 493 கிலோ-மீட்டர்.

ஸ்பிரிங்கின் மேல்முனை கீலிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி மூடியில் பிடித்திருக்கிறது. கீழ்முனை பெட்டியின் பக்கச்சுவரில், அதைவிட அரை மீட்டர் முன்னால், அரை மீட்டர் தாழ்வாக இருக்கிறது. இதைச் சுண்ணாம்புக் கோடாகத் தரையில் வரைந்து, கீலிலிருந்து ஸ்பிரிங்கின் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தேன். மூடியிருக்கும்போது 1.77 மீட்டர் வருகிறது; பன்னிரண்டு பாகை திறந்த பிறகு 2.03 மீட்டர் வருகிறது. 493ஐ 1.77ஆல் வகுத்து இரண்டு ஸ்பிரிங்குகளுக்குப் பங்கிட்டால், மூடியிருக்கும் நிலையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 139 கிலோ, அதாவது 1370 நியூட்டன் தள்ளினால் மூடி சமநிலையில் நிற்கும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உருளையில் அச்சிட்டிருக்கும் எண் தண்டு நீண்டிருக்கும்போது உள்ள விசை. தண்டு உள்ளே போகப் போக வாயு நசுங்கி, விசை இதுபோன்ற ஸ்பிரிங்கில் மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடும். 2000 என்று அச்சிட்டது மூடியிருக்கும்போது 2600 தள்ளும். அப்படி இரண்டு சேர்ந்தால், பின்முனையில் ஐம்பது கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் மூடி சாத்தும். ரிவெட் பிய்ந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

திறந்து நிற்கும்போதும் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு, ஓசூர்க் கடைக்குப் போன் செய்து 1200 நியூட்டனில் ஒரு ஜோடி சொல்லி வைத்தேன். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் மூடி முறுக்கிக்கொள்ளும்.

ஏப்ரல் 10

அவசரப்பட்டுவிட்டேன்.

பிராக்கெட் பிய்ந்த இடத்தைச் சுத்தம் செய்ய மூடியை செயின் பிளாக்கில் உயர்த்தியபோது, பின்பக்கத்து ரிவெட் துளைகளிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கிருஷ்ணகிரியில் இப்போது மழையில்லை. அப்படியானால் இது எந்த ஊர் மழையோ, எந்த வருடத்து மழையோ! ஃபைபர் தோலுக்கு உள்ளே விறைப்புக்காகப் பிளைவுட் சட்டங்களை ஒட்டியிருக்கிறார்கள். ரிவெட் துளை வழியாக நீர் இறங்கி, அந்தச் சட்டங்கள் ஊறி, பின்பகுதியில் ரொட்டி போல உதிர்ந்துகொண்டிருந்தன. அதற்கும் மேலே, விரிசல் கண்ட இடத்திலெல்லாம் யாரோ மேலும் மேலும் ஃபைபர் பூசி எடையைக் கூட்டியிருக்கிறார்கள்.

மூடி செய்தபோது இருந்த எடையை நான் அளக்கவில்லை. ஊறிய எடையைத்தான் அளந்திருக்கிறேன். பின்முனையில் ஊறிய ஒரு கிலோ, கீலுக்கு அருகே ஊறிய நான்கு கிலோவுக்குச் சமமான சுமை. பழைய ஸ்பிரிங்குகள் செத்ததால் மட்டும் மூடி கனத்துவிடவில்லை. அது கனத்துக்கொண்டே வந்திருக்கிறது, ஸ்பிரிங்குகள் தளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உடனே ஓசூருக்குப் போன் செய்தேன். சரக்கு வந்துவிட்டது, பிரிக்காமல் இருந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். நல்ல மனிதர்.

ஏப்ரல் 12

உதிர்ந்த சட்டங்களைச் சுரண்டி எடுத்துக் குவித்து எடைபோட்டோம்: 22 கிலோ. அவற்றுக்குப் பதிலாக அலுமினியப் பெட்டிக் குழாய்களை ஒட்டுவது என்று முடிவு செய்தோம். அவை மொத்தம் 7 கிலோதான். ஒட்டுவதற்கு முன் மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் போட்டிருக்கிறோம். ஏப்ரல் வெயில் இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். பட்டறைக்கு விடுமுறை. அக்கா வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும். மூடியைப் பற்றித்தான் பேசினோம், அக்காவுக்குக் கோபம்.

ஏப்ரல் 18

பிராக்கெட் வேலை முடிந்தது. மெல்லிய அலுமினியத் தகட்டில் வெறும் பாப் ரிவெட் அடித்து இவ்வளவு விசையைத் தாங்கச் சொன்னது ஆரம்பத்திலேயே பிழை. இப்போது உட்புறம் ஆறு மில்லிமீட்டர் இரும்பு பிளேட் ஒன்றை விரிவாக வைத்து, பத்து மில்லிமீட்டர் போல்ட்டுகள் நான்கைக் குறுக்கே செலுத்தி, நைலான் வளையமுள்ள நட்டுகளால் இறுக்கியிருக்கிறோம். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ரப்பர் ஷீட் வைத்தேன். இரண்டு உலோகங்களும் நேரடியாகத் தொட்டு நடுவில் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெண்மாவாக அரித்துப்போகும். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் ரெசின் பூசி அடைத்த பிறகே போல்ட்டைச் செலுத்தச் சொன்னேன். பையன் இரண்டு துளைகளில் மறந்துவிட்டான், கழற்றி மறுபடி செய்தோம்.

கீல் ஊசிகள் தேய்ந்து மூடி ஒருபுறம் ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தது. லேத்தில் பித்தளைப் புஷ் கடைந்து போட்டதும் அது நேராகிவிட்டது.

ஏப்ரல் 21

மறுபடியும் புளி மண்டித் தராசு. 46 கிலோ. பன்னிரண்டு கிலோ குறைந்திருக்கிறது. புதிய கணக்கின்படி 1000 நியூட்டன் ஜோடி போதும். மூடியிருக்கும்போது பின்முனை ஒன்பது கிலோ அளவுக்கு மேலே எழப் பார்க்கும், அதைத் தாழ்ப்பாள் பிடித்துக்கொள்ளும். திறந்து நிற்கும்போது மூன்று நான்கு கிலோ உபரியாகத் தாங்கும். முதலில் சொன்ன 1200ஐப் பூட்டியிருந்தால் இந்த மூடியைச் சாத்த இருபது கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டியிருந்திருக்கும். பிய்ந்து போயிருக்காது என்றாலும், நாள்தோறும் குழாய் ஏற்றி இறக்குகிறவன் என்னைத் திட்டியிருப்பான்.

தண்டைக் கீழ்நோக்கிப் பூட்டினோம்.

ஏப்ரல் 22

மதியம் முழு வெயிலில் சோதித்தோம். தாழ்ப்பாளை எடுத்ததும் மூடி நேற்று மாலையைவிடத் துள்ளலாக எழுந்தது. வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். பத்து பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. இங்கே வெயிலில் துள்ளுகிற மூடி, மார்கழி விடியலில் தளி, ஓசூர் மேட்டில் திறந்தால் சோம்பி நிற்கும். அங்கே பனி நனைந்த எடையும் சேரும். ஆகவே கேஸ் ஸ்பிரிங்கை மட்டும் நம்பி மூடியின் அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு இரும்புக் குழாய் முட்டுக்கோலைப் பெட்டியின் பக்கவாட்டில் செருகு ஊசியோடு பூட்டிக் கொடுத்தேன். திறந்ததும் அதை நிறுத்தி, ஊசியைச் செருகிய பிறகே குழாயைத் தொட வேண்டும்.

காற்றைப் பற்றியும் எச்சரித்தேன். பின்னால் திறக்கும் எட்டரை மீட்டர் மூடி, பின்னாலிருந்து காற்றடித்தால் பாய் போலப் புடைத்துக்கொள்ளும். வண்டியின் முன்முனை காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். கிளைடர்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, குழாய்க்காரனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மே 4

குழாய் ஏற்றிக்கொண்டு சந்தூர்த் தோப்புக்கு முதல் நடை போய் வந்தான். ஒரே ஆளாக மூடியைத் திறந்து சாத்துகிறான். பின்கதவு ரப்பர் பட்டை இன்னும் வரவில்லை, அதுவரை தார்ப்பாய் கட்டச் சொல்லியிருக்கிறேன். மூடியின் உட்புறம் கீலுக்கு அருகில் மஞ்சள் பெயிண்டில் “46 கிலோ, 21-4-2025” என்று எழுதிவைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி தராசோடு வரச் சொல்லியிருக்கிறேன். மண்டிக்காரர்தான் தராசைக் கொடுப்பாரா என்று தெரியவில்லை, போன முறை கொக்கியில் எண்ணெயோடு திருப்பிக் கொடுத்துவிட்டோம்.