எங்கள் திகதியில் இன்னொரு கலியாணம்

தங்கையின் மணவறைக்கும் மண்டபச் சோடனைக்குமாக நான்கரை இலட்சம் ரூபாய் பேசி, ஒன்றரை இலட்சத்தை முற்பணமாகக் கொடுத்திருந்தோம். கலியாணத் திகதி மாறியது. சோடனைக்காரரை விட வேண்டி வந்தது. பணம் அவரிடம் நின்றுவிட்டது. கொழும்பில் யாரைக் கேட்டாலும் "அட்வான்ஸ் என்றால் போனதுதான்" என்பார்கள். எங்களுக்கு அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அடுத்த ஆவணிக்கோ தைக்கோ நாள் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று, வந்த வழியை எழுதுகிறேன்.

திகதி மாறியதற்குக் காரணம் ஒரு மரணம். ஆவணி முகூர்த்தத்துக்குப் பம்பலப்பிட்டியில் மண்டபம் எடுத்து, எல்லாவற்றுக்கும் சொல்லிவைத்த பிறகு, ஆனி மாதத்தில் மாப்பிள்ளையின் அப்பம்மா காலமானார். முப்பத்தொன்றோடு துடக்குக் கழிந்துவிடும், ஆவணியிலேயே வைக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் இரண்டொருவர் சொல்லிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. தாயைப் பறிகொடுத்தவரிடம் பஞ்சாங்கத்தைக் காட்டி யார் வாதாடுவது? தைக்கு மாற்றினோம்.

மண்டபக்காரர்கள் புதிய திகதிக்கு மாற்றித் தந்தார்கள். மேளக்காரரும் வீடியோக்காரரும் தொலைபேசியிலேயே சரி என்றார்கள். சோடனைக்காரருக்கு மட்டும் தையில் அந்த நாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. முற்பணத்தைக் கேட்டபோதுதான் பேச்சு மாறியது. "அது திரும்பாது, பிள்ளை. நீங்கள்தானே மாற்றினீர்கள்? எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்றார். "எல்லா இடத்திலும்" என்ற சொல்லுக்கு நம் ஊரில் அபார பலம். அதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். எழுந்து போகாமல் வீட்டில் இருந்த தாள்களை மேசையில் பரப்பினேன். முதலாவது, பற்றுச்சீட்டு. புத்தகத்திலிருந்து கிழித்த துண்டு. தொகையும் கையொப்பமும் மட்டும் இருந்தன. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பற்றுச்சீட்டில் ஒட்ட வேண்டிய முத்திரையைக் காணவில்லை. முற்பணம் திரும்பாது என்று எந்த மூலையிலும் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது, வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவு. மூன்றாவது, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த விலைப்பட்டியல். அதன் அடியில், நிகழ்வுக்கு முந்திய 30 நாட்களுக்குள் ரத்துச் செய்தால் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று ஒரு வரி. நாங்கள் திகதி மாறியதைச் சொன்னது இரண்டு மாதங்களுக்கும் முன்னால். அந்த வரியைக் காட்டியபோது, "அது முழுக்காசு கட்டியவர்களுக்கு" என்று அந்த இடத்திலேயே ஒரு விளக்கம் தந்தார்.

இதற்கிடையில் ஆளுக்கொரு யோசனை. மாமா பொலிஸில் போடச் சொன்னார். ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியவர் என்றால் பொலிஸ் சரி; இவர் வேலை செய்யத் தயாராக இருந்தவர், கொடுக்கல் வாங்கலில் பிணக்கு, அவ்வளவுதான். சித்தப்பாவின் மகன் முகநூலில் கிழித்துப் போடலாம் என்றான். அதையும் வேண்டாம் என்றேன். எழுதிவிட்டால் அவருக்குப் பெயர் கெட்டுவிடும். கெட்ட பிறகு எங்களுக்குப் பணம் தந்து அவர் எதைக் காப்பாற்றப்போகிறார்? போதாததற்கு, ஏதாவது ஒரு வரிக்காக அவர் எங்கள்மேல் வழக்குப் போடவும் இடமுண்டு.

உருப்படியாகப் பேசியவள் சட்டத்தரணியாக இருக்கும் மச்சாள்தான். இலங்கையின் ஒப்பந்தச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. ஒப்பந்தம் முறிந்தால் மற்றவர் தனக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தைக் கேட்கலாம். அந்த நட்டத்தைக் குறைத்துக்கொள்ள நியாயமான முயற்சியும் அவர் எடுத்திருக்க வேண்டும் என்று விளக்கினாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் விட்ட திகதியை அவர் வேறு யாருக்காவது கொடுத்தாரா?"

முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள் இருந்தது. நம்மவர்கள் ஆடியில் வைக்க மாட்டார்கள், புரட்டாதியில் மாட்டார்கள், மார்கழியில் மாட்டார்கள். மிஞ்சும் மாதங்களிலும் நாள், நட்சத்திரம் பார்த்துக் கழித்தால் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை எல்லாரும் ஒரே சில நாட்களில்தான் வந்து விழுவார்கள். ஆவணியில் ஒரு முகூர்த்த நாள் கைவிடப்பட்டால் அது சும்மா கிடக்காது. தையில் எங்களுக்கு இடமில்லை என்று அவர் சொன்னதற்கும் இதே நெருக்கடிதான் காரணம். அதே நெருக்கடி ஆவணியில் அவருக்குச் சாதகமாக வேலை செய்திருக்க வேண்டும்.

செய்துமிருந்தது. ஆவணி பிறந்து எங்கள் பழைய திகதியும் கழிந்த பிறகு, அவருடைய முகநூல் பக்கத்தில் புதிய படங்கள் ஏறின. அதே நாள், நாங்கள் விட்ட அதே பம்பலப்பிட்டி மண்டபம், தங்கை விரும்பித் தேர்ந்தெடுத்த அதே மயில் தூண்கள். நடுவில் முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "துணி மட்டும் வேறு" என்றார். எங்களுக்குச் செம்பு நிறச் சாட்டின் பேசியிருந்தோம். படத்தில் இருந்தது கடும் சிவப்பு. படங்களைத் திகதி தெரியும்படி எடுத்துச் சேமித்துக்கொண்டேன்.

பிறகு கடிதம். சட்டத்தரணியின் கடிதத்தாளில் போனால் எதிராளியும் ஒரு சட்டத்தரணியைத் தேடுவார், அந்தச் செலவையும் நம் முற்பணத்தில்தான் கழிப்பார் என்று மச்சாள் தடுத்தாள். நானே ஒரு பக்கத்துக்குள் எழுதினேன். பணம் கொடுத்த திகதி, தொகை, திகதி மாறியதை அறிவித்த நாள், புதிய நாளில் தன்னால் முடியாது என்று அவரே சொன்ன செய்தி, விலைப்பட்டியலின் அந்த வரி, பழைய திகதி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்ட விவரம். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நியாயமான செலவு ஏதாவது ஏற்பட்டிருந்தால் பில்லோடு காட்டுங்கள், கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். 14 நாட்களுக்குள் பதில் இல்லாவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போவோம் என்று முடித்து, வங்கிக் கணக்கிலக்கத்தையும் போட்டு, வெள்ளவத்தைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபாலகம் தந்த துண்டைப் பிரதியோடு தைத்து வைத்தேன். பதில் வரவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையையும் நினைக்காமல் இல்லை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடச் சொல்கிறது. எங்களுக்குச் சேவையே வழங்கப்படவில்லை; மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சாப்பாடு கெட்டிருந்தது, சொன்ன சோடனை வைக்கவில்லை என்பது போன்ற முறைப்பாடுகளுக்கு அந்த வழி பொருந்தும். நடக்காத வேலையின் முற்பணத்துக்கு எனக்கு மத்தியஸ்த சபையே நேரான பாதையாகப் பட்டது. எப்படியும் எங்களுடையது போன்ற சிறு தொகைப் பிணக்கு அங்கே போய் வராமல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. நம்மவர்களில் பலர் அவற்றை வேலிச் சண்டைக்கும் கைமாற்றுக் கடனுக்கும் மட்டும் உரியவை என்று நினைக்கிறார்கள். எந்தப் பகுதிக்கு எந்தச் சபை, எங்கே, எந்தக் கிழமை கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கட்டணம் வாங்கவில்லை. சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை, நம் வாயால் நாமே பேச வேண்டும்.

சனிக்கிழமை, ஒரு பாடசாலை வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் அமர்வுக்கு அவர் வரவில்லை. வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த சபைக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தொடர்ந்து வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அதோடு நாங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். இதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த அமர்வுக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். தொழிலின் கணக்கெல்லாம் அந்த அம்மாவின் கையில்தான் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கியது.

மத்தியஸ்தர்களில் ஒருவரை நாங்கள் தெரிவு செய்ய வேண்டும், ஒருவரை அவர். மூன்றாமவரை அந்த இருவரும் சேர்ந்து தெரிவு செய்வார்கள். நாங்கள் சொன்னவர் இளைப்பாறிய ஓர் அதிபர். அவர் எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, படங்களையும் பார்த்து, சோடனைக்காரரிடம் கேட்டார்: "தம்பி, அந்த நாளில் உங்களுக்கு வேறு வேலை இருந்ததா?"

"இருந்தது, மிஸ்."

"எவ்வளவுக்கு?"

அவர் தயங்கினார். மனைவி சொல்லிவிட்டார்: "ஐந்து இலட்சம். கடைசி நேர ஓடர்தானே."

எங்களோடு பேசியதைவிட ஐம்பதாயிரம் கூட. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனிப் பேச அதிகம் இல்லை என்று எனக்குப் பட்டது.

இருந்தாலும் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த அம்மா கைப்பையிலிருந்து புறக்கோட்டைத் துணிக்கடைப் பில் ஒன்றையும் தையற்காரரின் துண்டையும் எடுத்து வைத்தார். எங்களுக்கென்றே வாங்கி வெட்டித் தைத்த செம்பு நிறச் சாட்டின், மொத்தம் இருபதாயிரம். படத்தில் துணி வேறு என்று அம்மா கண்டுபிடித்திருந்தாரே, அதுவே இப்போது அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு பக்கத்தையும் பேசவிட்டு ஒரு தொகையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒரு இலட்சத்து முப்பதாயிரம், இரண்டு தவணைகளில் என்று எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டோம். தவணை தவறினால் சபைக்கு அறிவிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

முதல் தவணை சொன்ன நாளில் வங்கிக்கு வந்தது. இரண்டாவது கொஞ்சம் இழுபட்டது. அந்த அம்மா தானே அழைத்துக் காரணம் சொன்னார். அவர் தொலைபேசியை வைக்குமுன் என் அம்மா அதைப் பறித்து, "துணிக்கு நாங்கள் காசு கொடுத்துவிட்டோம் என்றால் துணி எங்களுடையது அல்லவா?" என்று கேட்டார். மறுபக்கத்தில் சற்று நேரம் சத்தமே இல்லை. நானும் அப்படி யோசித்திருக்கவில்லை.

இரண்டாம் தவணை கணக்கில் விழுந்த அன்று மாலை, ஒரு முச்சக்கர வண்டியில் பெரிய பொலித்தீன் பை ஒன்று வந்து இறங்கியது. புதிய சோடனைக்காரரிடம் தையில் இதையே கட்டச் சொல்லலாம், கொஞ்சம் காசு குறையும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தார். தங்கைக்கு இப்போது செம்பு நிறம் பிடிக்கவில்லையாம்.