எண்கோணத்துக்கு மட்டும் எப்படிச் சரிவருகிறது?

ஜூலை 4

கணிதவியலர் மாக்ஸ் டேன் 1911-இல் எழுப்பிய கேள்வியை இன்று எடுத்தேன். குலம் (group) என்றால் ஒன்றையடுத்து ஒன்றாகச் செய்யவும், செய்ததைத் திருப்பவும் முடிகிற செயல்களின் தொகுப்பு. மற்ற எல்லாவற்றையும் உண்டாக்கும் சில அடிப்படைச் செயல்கள்தான் அதன் பிறப்பாக்கிகள். அவற்றை எழுத்துகளாகக் கோத்து நீளமாக ஒரு சொல் தருகிறார்கள். அது சமனிதானா, அதாவது எதையும் மாற்றாத செயல்தானா, இல்லையா? இதற்குப் பெயர் "வேர்ட் ப்ராப்ளம்" என்றதும் தங்கை, "ரயில் எப்ப வந்து சேரும், அந்தக் கணக்கா?" என்றாள்.

ஜூலை 5

எளிய குலத்தில் ஆரம்பித்தேன். கி (கிழக்கே ஓர் அடி), வ (வடக்கே ஓர் அடி) என்று இரண்டு பிறப்பாக்கிகள். அவற்றைத் திருப்பும் நேர்மாறுகள் மே (மேற்கே), தெ (தெற்கே). விதி ஒன்றே ஒன்று: கி வ மே தெ என்றால் சமனி. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் அடி. நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் அந்தச் சொல் சமனி.

டேனின் உத்தி இது: விதியில் பாதிக்கு மேல் ஒரு துண்டு சொல்லில் தெரிந்தால், அதை எடுத்துவிட்டு மீதித் துண்டின் நேர்மாறைப் போடு. சொல் சுருங்கும். இங்கே 4 எழுத்தில் 3 தொடர்ச்சியாக வேண்டும். கி கி வ வ மே மே தெ தெ என்று சுற்றிவந்தேன். புறப்பட்ட இடம் வந்துவிட்டது. ஆனால் எங்கே தேடினாலும் அந்த 3 எழுத்து இல்லை! என் தப்புதான் என்று ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜூலை 7

தப்பு என்னுடையதல்ல. டேன் 1912-இல் இந்த உத்தியைச் சொன்னது இரண்டு அல்லது அதற்கு மேல் ஓட்டைகள் உள்ள பரப்புகளின் குலங்களுக்கு (வடையின் மேற்பரப்புக்கு ஓர் ஓட்டை). இரண்டு ஓட்டை என்றால் விதிக்கு 8 எழுத்து, சதுரத்துக்குப் பதில் எண்கோணம், ஒரு முனையில் 8 எண்கோணங்கள். சாதாரணத் தாளில் இது அடங்காது, நடுவிலிருந்து விலக விலக இடம் வெகுவேகமாகப் பெருகும் ஹைபர்பாலிக் தளம் வேண்டும்.

உட்கார்ந்து எண்ணினேன். நடுவில் ஓர் எண்கோணம். பக்கத்துக்கு ஒன்றாக 8, முனைக்கு 5 வீதம் 40. ஆக, சுற்றிலும் 48! சதுரத்துக்கு வெறும் 8. அந்த 48-இல் ஒவ்வொன்றும் வெளியே காட்டும் பக்கங்கள் 5 அல்லது 6. பாதிக்கு மேல்! அதனால் ஓரத்தைச் சுற்றிவரும் சொல்லில் விதியின் பெரிய துண்டு தெரிந்துவிடும். சதுரமோ 1 அல்லது 2-தான் காட்டுகிறது. அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

ஜூலை 9

வான் காம்பென் 1933-இல் தந்த படம்: விதியை எத்தனை முறை பயன்படுத்துகிறோமோ, சொல்லின் வளையத்துக்குள் அத்தனை ஓடுகள் (சதுரமோ எண்கோணமோ). சதுரக் கட்டத்தில் 40 எழுத்துச் சொல் 100 கட்டத்தை வளைத்துவிடும், வர்க்கமாக ஏறும். எண்கோணத்தில் நீளத்தின் விகிதத்துக்கு மேல் போகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குலமே கிடையாது என்பது க்ரோமோவ் 1987-இல் சொன்னது. இதை இன்னும் நம்ப முடியவில்லை.

ஜூலை 12

எந்த வழிமுறையாலும் விடை சொல்ல முடியாத குலங்களும் உண்டு. இதை நிரூபித்தவர்கள் நோவிகோவ் (1955), பூன் (1958). அங்கே ஓடுகள் எத்தனை வரை போகும் என்று முன்கூட்டிக் கணக்கிடவே வழியில்லை.

எண்கோணத்தின் இரண்டாவது சுற்று வரையப் போய், பென்சில் முனையைவிட ஓடு சின்னதாகிவிட்டது. நாளைக்குப் புது நோட்டு வாங்க வேண்டும், கட்டம் போடாததாக.