மைனஸ் 60-லயும் சாகாத கம்பளிப்பூச்சியும் நம்மூர் பட்டு முட்டையும்

மார்கழி மாசம் ஓசூரைத் தாண்டி தளி பக்கம் ஒரு நடை போய்ட்டு வந்தாலே மப்ளரு, குல்லா, ஸ்வெட்டர்னு சுத்திக்கிற ஆளுங்க நாம, அதனால கனடாவோட வடகோடியில எல்ஸ்மியர் தீவுல ஒரு கம்பளிப்பூச்சி வருஷத்துல முக்காவாசி நாள் விறைச்சுக் கெடந்துட்டு கோடையில எழுந்து எலை திங்கப் போகுதுன்னு சொன்னா கதை விடாதப்பான்னுதான் தோணும். ஆனா நெசம்.

மழை விட்டதும் நம்ம முருங்கை மரத்துல அப்பிக்கிட்டு கெடக்குமே, பந்தம் கொளுத்தி பொசுக்குவோமே, அந்த வகை இல்ல இது. பாக்க அதே மாதிரி உடம்பு பூரா முடி, பேரு கைனஃபோரா கிரோன்லாண்டிகா. மைனஸ் 60 டிகிரி வரைக்கும் தாங்குது. வருஷத்துல இது வாய வச்சு திங்கறதே ஜூன் மாசத்தை ஒட்டி கொஞ்ச நாள்தான், அதுலயும் பாதிக்கு மேல நேரம் வெயில் காயறதுலயே போயிடும், ஏன்னா உடம்பு சூடேறினாதான் தின்னது செரிக்கும். அப்புறம் வெயில் இன்னும் இருக்கும்போதே ஜூலைல கடைய சாத்திட்டு பாறை ஓரமா நூல் நூத்து கூடு கட்டி உள்ள போயிடுது, வெளிய சுத்தினா ஒட்டுண்ணிக் குளவியும் ஈயும் வந்து உடம்புல முட்டை வச்சிடும்ங்கற பயம் வேற. இப்படி தின்னு தின்னு அந்துப்பூச்சியா மாற 7 வருஷம். முன்ன 14 வருஷம்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1990-கள்ல மறுபடி ஆராய்ச்சி பண்ணி 7-ஆ கொறைச்சாங்க.

சரி, எப்படி சாகாம இருக்கு? குளிரு மட்டும்னா பெருசா ஒண்ணும் பண்ணாது, செல்லுக்குள்ள பனிக்கட்டி உருவாகி கிழிச்சிடறதுதான் சாவு. அதனால இந்த மாதிரி பூச்சிங்க பனிக்கட்டியை வெளியவே, அதாவது செல்லுக்கு வெளிய இருக்கற திரவத்துலயே மெதுவா உருவாக விட்டுடும், சிலதுங்க கிட்ட அதுக்குன்னே புரதம் இருக்கு, அதிக குளிர் வர்றதுக்கு முன்னாடியே உறைய ஆரம்பிச்சு வைக்கும். வெளிய தண்ணி உறைய உறைய செல்லுக்குள்ள இருக்கற தண்ணி வெளிய இழுக்கப்பட்டு செல் சுருங்கும், உள்ள மிச்சம் இருக்கறது கெட்டியான சரக்கு, அது லேசுல உறையாது. அந்த சரக்குல முக்கியமானது என்னன்னு பாத்தா கிளிசரின்! வாய்ப்புண்ணுக்குத் தடவறோமே, சினிமால அழறதுக்கு கண்ணுல விட்டுக்கறாங்களே, அதேதான்.

உறையவே மாட்டேன்னு அடம் பிடிக்கிற ஜாதி ஒண்ணு தனியா இருக்கு. அண்டார்டிகாவுல கிரிப்டோபைகஸ்னு ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு ஜந்து, குளிர்காலத்துக்கு முன்னாடி குடலைக் காலி பண்ணிடும், ஏன்னா வயித்துல ஒரு துணுக்கு சாப்பாடு இருந்தாலும் அதைப் பிடிச்சுக்கிட்டு பனிக்கட்டி தொடங்கிடும். பட்டினி கெடந்தா மைனஸ் 25-க்குப் பக்கத்துல போனாலும் உடம்பு திரவமாவே இருக்கும். அலாஸ்காவுல மரப்பட்டைக்கு அடியில இருக்கற ஒரு செவப்பு வண்டோட புழு இதுக்கெல்லாம் அண்ணன், உடம்புல தண்ணியைக் கொறைச்சு கிளிசரினை ஏத்திக்கிட்டே போகும், வெல்லப்பாகு பதம் தாண்டி முத்திப்போனா கண்ணாடி கணக்கா ஆயிடுமே அப்படி ஆயிடும், சிலது மைனஸ் 100-லயும் உறையலைன்னு சோதனையில பாத்திருக்காங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பெல்ஜிகா அண்டார்டிகா. அந்தக் கண்டத்துக்கே சொந்தமான ஒரே பூச்சி, அரை சென்டிமீட்டர் அளவு கருப்பு ஈ, றெக்கை கெடையாது. பாசிக்கு அடியில புழுவா ரெண்டு வருஷம், ஈயா ஒரு வாரம் பத்து நாள், அவ்ளோதான் வாழ்க்கை. 2014-ல இதோட மரபணுத் தொகுப்பைப் படிச்சாங்க, மொத்தம் 9.9 கோடி டி.என்.ஏ எழுத்துதான், நம்மளுது 300 கோடி. இந்தப் புழு உடம்புத் தண்ணியில 70 சதவீதம் போனாலும் பொழைச்சுக்கும். சுத்தி பனிக்கட்டியா இருந்தா காத்துல இருக்கற ஈரம் கம்மி, அதனால தண்ணி உடம்புலேர்ந்து தானா வெளிய போயிடும், உறையறதுக்கு உள்ள ஆளே இருக்காது. கண்ணுக்கே சரியா தெரியாத நீர்க்கரடிங்கற ஜந்து பத்தி எல்லாரும் பேசறாங்க, 1983-ல ஜப்பான்காரங்க அண்டார்டிகாவுல எடுத்த பாசியில 30 வருஷம் மைனஸ் 20-ல கெடந்துட்டு எழுந்து முட்டை போட்டுச்சுங்கறதும் உண்மைதான், ஆனா மார்க்கு போடச் சொன்னா நான் இந்த ஈக்குத்தான் போடுவேன், அது அங்கயே பொறந்து அங்கயே குடும்பம் நடத்துது பாருங்க.

இதெல்லாம் எங்கயோ துருவத்துல நடக்கறதுன்னு தர்மபுரிக்காரங்க ஒதுக்க முடியாது. நாம வளக்கற பைவோல்டைன், அதாவது வருஷத்துக்கு ரெண்டு தலைமுறை வர்ற ஜாதி பட்டுப்புழு முட்டை இருக்கே, வெண்பட்டுக் கூடு, அந்த முட்டை போட்டப்ப மஞ்சளா இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல கறுத்துப் போய், உள்ள கரு வளர்றதை நிறுத்திட்டு உறக்கத்துக்குப் போயிடும். அப்ப உள்ள சேமிப்பா இருக்கற கிளைக்கோஜன்ங்கற மாவுச்சத்து கரைஞ்சு சார்பிட்டால்ங்கற சர்க்கரை மாதிரி சரக்கும் கிளிசரினுமா மாறுது, உறக்கம் கலையறப்ப திரும்பவும் கிளைக்கோஜனா ஆயிடுது. ஜப்பான்ல சினோன்னு ஒருத்தர் 1950-கள்லயே கண்டுபிடிச்சது. அதாவது ஆர்க்டிக் கம்பளிப்பூச்சி பண்ற அதே வேலை. அந்த உறக்கத்தைக் கலைக்கத்தான் 5 டிகிரி குளிர்ல மாசக்கணக்குல வைக்கறதும், இல்லன்னா போட்ட ஒரு நாளைக்குள்ள ஆசிட்ல முக்கி எடுக்கறதும்.

குளிர் கொறைஞ்சா பூச்சிக்கு கொண்டாட்டம்னு நெனைக்காதீங்க. பெல்ஜிகா புழுவை ஆறு மாசம் மைனஸ் 5, மைனஸ் 3, மைனஸ் 1-னு தனித்தனியா வச்சுப் பாத்தாங்க, 2022-ல வந்த ஆராய்ச்சி. மைனஸ் 1-ல வச்சதுலதான் சாவு அதிகம், கையிருப்பு சக்தியும் கொறைஞ்சு போயிருந்துச்சு, சூடு கொஞ்சம் இருந்தா உடம்பு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், திங்கறதுக்கோ ஒண்ணும் இல்ல. முட்டை வைக்கற குளிர் அறையில கரண்ட் போனா ஜெனரேட்டருக்கு ஏன் அப்படி ஓடறாங்கன்னு கேட்டீங்கன்னா இதான் விஷயம், சூடு ஏறி இறங்கினா பொரியறது முன்னபின்ன ஆயிடும், அப்புறம் ஒரே தட்டுல ஒரு புழு தோல் உரிக்கத் தூங்கும், பக்கத்துப் புழு எலை கேக்கும், சாக்கி, அதாவது குஞ்சுப் புழு வளர்ப்பு பாக்கறவங்களுக்கு அந்த பேட்ச் முடியற வரைக்கும் ரோதனைதான்.