மேசையில் வேலை செய்த கை

தசையின் மின்குறியால் இயங்கும் செயற்கைக் கையான பயானிக் கை என்றால் விரல்களைச் செய்வதுதான் கடினம் என்ற எண்ணத்தோடுதான் பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் நாங்கள் நால்வரும் வேலையைத் தொடங்கினோம். ஐந்தே மாதங்களில், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சிறு கியர் மோட்டார்களும் தூண்டில் நரம்பும் சேர்ந்து மேசைமேல் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் காட்டின. சிக்கல் அதற்குப் பிறகே தொடங்கியது.

தசை சுருங்கும்போது தோலின்மேல் கிடைக்கும் மின்குறி பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவானது. அதன் பயனுள்ள பகுதி ஏறத்தாழ 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்க, மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு மின்முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் பெருக்கினால் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும்; ஆனால் ஒரு மின்முனை தோலிலிருந்து சற்றே விலகினாலும் அந்தச் சமநிலை குலைந்துவிடும். கீழே லேத் ஓடத் தொடங்கினால் மேலே விரல்கள் துடித்த நாட்கள் உண்டு.

எங்கள் கையை முதலில் அணிந்தவர், பிரஸ் இயந்திரத்தில் வலக்கையை இழந்த தருமபுரி அண்ணன் ஒருவர். எடை 480 கிராம், இயல்பான கையும் ஏறக்குறைய அந்தக் கனம்தான் என்று பெருமையாகச் சொன்னேன். "அது என் கை, தம்பி. இது நான் சுமக்கிற சாமான்," என்றார். எலும்பும் தசையும் பகிர்ந்துகொள்ளும் எடையை இங்கே, கையின் மீதிப் பகுதியைக் கவ்வும் உறையான சாக்கெட் வழியாகத் தோல் மட்டுமே தாங்குகிறது என்பதை அவர் ஒரே வரியில் விளக்கிவிட்டார்.

தசைக் குறியிலிருந்து எந்தப் பிடி என்று கண்டறியும் நிரலை, அவரை உட்காரவைத்துப் பழக்கியபோது நான்கு வகைப் பிடிகளும் ஏறக்குறைய தவறின்றி வந்தன. பிறகு அவர் எழுந்து, அலமாரியின் மேல்தட்டில் எவர்சில்வர் டம்ளரை வைக்கக் கையை உயர்த்தியதும் விரல்கள் விரிந்து, டம்ளர் தரையில் உருண்டது. கையைத் தூக்கும்போது முன்கைத் தசைகள் வேறுவிதமாக இறுகுகின்றன, தோலுக்கு அடியில் இடம் மாறுகின்றன, சாக்கெட் அழுத்தும் இடமும் மாறுகிறது. நாற்காலியில் மட்டும் பாடம் படித்த நிரலுக்கு அது முற்றிலும் புதிய மொழி. இத்துறையில் பலருக்கும் தெரிந்த இந்தச் சிக்கலை நாங்கள் படிக்காமல் விட்டிருந்தோம். கையைத் தொங்கவிட்டும், மார்புக்கு நேராகவும், தலைக்கு மேலும், பையைத் தூக்கியபடியும் மீண்டும் பதிவு செய்தோம். நான்கு பிடிகளை இரண்டாகக் குறைத்தோம். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

2007இல் ஸ்காட்லாந்தின் டச் பயானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஐ-லிம்ப் கையில் ஒவ்வொரு விரலுக்கும் தனி மோட்டார் இருந்தாலும், கட்டைவிரலைப் பக்கவாட்டில் திருப்பும் வேலை மட்டும் பயனரின் மற்றக் கைக்கே விடப்பட்டிருந்தது. அதைக் குறை என்று கருதி நாங்கள் பொருத்தியிருந்த கூடுதல் மோட்டாரை, எடையைக் குறைப்பதற்காகக் கழற்றினோம்.

ஏப்ரல் வியர்வையில் மின்முனைகள் வழுக்கியதால் பிளாஸ்டர் மாவில் கையின் அச்சு எடுப்பதிலிருந்து தொடங்கி சாக்கெட்டை நான்கு முறை மாற்றினோம். நான்காவதை அண்ணன் நாளுக்கு ஆறு மணி நேரம் அணிகிறார். இப்போது அவருடைய புகார் மோட்டாரின் சத்தம்: பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். அடுத்த வாரம் கியர்பெட்டியைப் பிரிக்கிறோம்.