பழைய காருக்குப் புது வயரிங்: இதுவரை நடந்தது

பாடி வேலையும் பெயிண்டும் முடிந்த பிறகுதான் வயரிங்கில் கை வைத்தேன். பழைய ஹார்னஸை, அதாவது கார் முழுக்க ஓடும் வயர்க் கட்டை, துண்டு துண்டாக வெட்டி எடுக்காமல் முழுசாக உருவி, தரையில் காரின் வடிவத்திலேயே விரித்துப் போட்டேன். எந்தக் கிளை எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. நிறங்கள்தான் படுமோசம். காரில் இருப்பது பழைய பிரிட்டிஷ் முறை: பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன், சாவியைத் திருப்பினால் கரண்ட் வருவது வெள்ளை, ஃபியூஸைத் தாண்டியதும் பச்சை, எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) கறுப்பு. எண்ணெயும் சூடும் பட்டு எல்லாமே பிரவுனாகிவிட்டன. டேப்பைப் பிரித்த இடங்களில் மட்டும் அசல் நிறம் தெரிந்தது.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதைத் தொட்டிருக்கவே முடியாது. ஒரு ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு உட்கார்ந்தால் எந்த வயர் எதற்கு என்பதே மறந்துபோகும். இப்போது முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தால் எழுந்திருப்பதுதான் சிரமம். அதனால் முடிந்த மட்டும் மேசையிலேயே கட்டி, பிறகு காருக்குள் கொண்டுபோகிறேன்.

ஹெட்லைட்டைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். 60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் சேர்த்து 10. அதை 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 4 மீட்டர் ஓட்டினால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். பழைய சுவிட்சும் கனெக்டர்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஆகவே முன்பக்கமே டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, கரண்ட் உள்ளே வரும் 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் கொடுத்தேன். கரண்ட் வெளியேறும் 87-ஆம் முனையிலிருந்து பல்புக்கு. பழைய சுவிட்ச் இப்போது ரிலேயின் காயிலை (அதைத் திறந்து மூடும் காந்தச் சுருளை) மட்டும் இயக்குகிறது. ஃபியூஸ் அளவை முடிவு செய்யும்போது வயரைத்தான் பார்க்க வேண்டும், பல்பை அல்ல. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை.

அப்புறம் வந்தது பின்பக்க விளக்கு. இண்டிகேட்டரைப் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டியது. வயர் மாறிவிட்டதோ என்று தோன்றும், ஆனால் கோளாறு எர்த்தில். புதுப் பெயிண்ட் அருமையான இன்சுலேட்டர். விளக்கின் கூடு பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் கரண்டுக்கு வழியில்லை. அது பார்க் பல்பின் இழை வழியாகப் போய், எர்த் சரியாக உள்ள மற்ற விளக்குகள் மூலமாகத் திரும்புகிறது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பால் விளக்கின் கூட்டைத் தொட்டுப் பார்த்தால் போதும். விளக்கு எரியும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இங்கே வோல்ட் கணக்கில் காட்டியது. பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸலின் தடவினேன். அதை நம்பி நிற்காமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு வயரும் இழுத்துவிட்டேன்.

எஞ்சினுக்கும் இதே கதைதான். அது ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும். தடித்த பட்டையாகவே போட்டிருக்கிறேன்.

இணைப்புகளில் ஈயம் வைக்கவில்லை, எல்லாம் கிரிம்ப், அதாவது முனையை வயர் மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பது. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும், அது முடிகிற இடத்தில் அதிர்வில் ஒடியும். நல்ல ராட்செட் கிரிம்பருக்குச் செலவழிக்கலாம், மலிவான இடுக்கி வேண்டாம்.

முதன்முதலில் கரண்ட் கொடுத்தபோது பேட்டரி இணைப்பின் நடுவே 21 வாட் பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டினேன். எங்காவது ஷார்ட் இருந்தால் அந்த பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், 2 ஆம்பியருக்கு மேல் போகாது, வயரும் பிழைக்கும். எல்லா சுவிட்சையும் அணைத்து வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. சரி என்று நேரடி இணைப்புக்கு மாறினேன்.

மீட்டர் பேனலில் சார்ஜ் விளக்கை மட்டும் எல்இடியாக மாற்றவில்லை. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ள அந்தச் சின்ன பல்ப் வழியாக வரும் கரண்ட் தேவை. அடுத்தது வைப்பர். சுவிட்சை அணைத்த பிறகும் கை தன் இடத்துக்குத் திரும்ப மோட்டாருக்கு இன்னொரு வயரில் கரண்ட் வேண்டும். அதை இழுத்த பிறகுதான் ஹார்னஸுக்கு டேப் சுற்றப் போகிறேன்.