அப்பாவும் ஆர்மேனிய எழுத்தும்

அப்பா பாரிமுனையில் முப்பத்தொரு வருஷம் கம்பாசிட்டராக இருந்தவர். ஆண்டர்சன் தெருவை ஒட்டிய சந்தில் அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், எல்லாம் அவர் விரல் கோத்த ஈய எழுத்துதான். செவ்வாய்க்கிழமைகளில் ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயில் கூட்டத்தில் புகுந்து டீ குடிக்கப் போவார். அதே தெருவில், பக்கத்திலேயே இருக்கும் ஆர்மேனியன் சர்ச்சுக்குள் மட்டும் ஒருநாளும் போனதில்லை. "எப்பவும் பூட்டியிருக்கும்னு நெனச்சேம்ப்பா" என்றார்.

போன வாரம் மெட்ரோவில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி அழைத்துப் போனேன். அந்தத் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று பேர். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மேனியன் என்ற சொல் நம் ஊர் வாயில் புழங்கிப் புழங்கி அப்படி ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சென்னைப் பெயர் அது.

கோயில் 1712-ல் கட்டியது. இப்போது நிற்கும் கட்டடம் 1772-ல் எழுந்தது. மாதா பெயரில் உள்ள ஆர்த்தடாக்ஸ் மரபுக் கோயில். ஆறு மணிகள் தொங்கும் மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. வணிகத்துக்காக வந்த ஆர்மேனியர்கள் ஊருக்கும் நிறையச் செய்திருக்கிறார்கள். பரங்கிமலைக்கு நாம் ஏறும் படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வியாபாரி. இன்று அந்தச் சமூகம் இங்கே இல்லை என்றே சொல்லலாம். வாராவாரம் பூசையும் கிடையாது.

உள்ளே போனதும் அப்பா செருப்பைக் கழற்றினார். தரையெல்லாம் கல்லறைக் கற்கள், கல்லெல்லாம் எழுத்து. "எழுத்தை மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு இடைவெளி பார்த்துப் பார்த்து நடந்தார். எழுபத்து நாலு வயது, முழங்கால் வலி வேறு. நான் கையை நீட்டினேன், பிடித்துக்கொள்ளவில்லை.

அவரிடம் சொல்ல ஒரு சேதி வைத்திருந்தேன். உலகத்திலேயே முதல் ஆர்மேனியப் பத்திரிகை அச்சானது நம் மெட்ராஸில்தான். 1794-ல். பேர் அஸ்தரார். அச்சிட்டவர் அருதியுன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார், ஈரானில் உள்ள ஷிராஸிலிருந்து வந்தவர். அவரை அடக்கம் செய்ததும் இந்த வளாகத்தில்தான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்த எழுத்துக்கு அச்சு இங்க யாரு வார்த்துக் குடுத்திருப்பா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. எழுத்து வார்த்து, கேஸில் அறை பிரித்துப் போட்டு, ஸ்டிக்கில் ஒவ்வொன்றாகக் கோத்து, தப்பு வந்தால் ஊசியால் பிடுங்கி... இவ்வளவையும் யாரோ இந்த ஊரில், இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

ஒரு கல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓர் எழுத்தை ஆள்காட்டி விரலால் தடவினார். நகத்தடியில் இன்னும் போகாத பழைய மைக்கறை. "இது நம்ம 'ப' மாதிரி இருக்கு பாரேன். இந்த வரியிலயே மூணு வருது."

என் பேனாவை வாங்கி, சட்டைப் பையிலிருந்த மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் அந்த ஒரு வரியை எழுத்து எழுத்தாக வரைந்துகொண்டார். முடிக்க இருபது நிமிஷம் ஆனது. பிறகு கல்லோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தார், ப்ரூஃப் பார்ப்பது போலவே, ஒவ்வொரு எழுத்திலும் பேனா முனையை வைத்து.