கலந்து விதைச்சா மட்டும் புது பீன்ஸ் வந்துடாது

கொடி பீன்ஸ் பைத்தியம் புடிச்சவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இதைச் செஞ்சிருப்பாங்க, கருப்பு, வெள்ளை, புள்ளி போட்டது, வரி போட்டதுன்னு கையில இருக்கிற எல்லா விதையையும் ஒரே பந்தல்ல ஏத்திவிட்டுட்டு அடுத்த வருஷம் ஏதாவது புதுசா வரும்னு காத்திருக்கிறது. அனேகமா ஒண்ணும் வராது. ஏன்னா சாதாரண பீன்ஸ், அதாவது ஃபேசியோலஸ் வல்காரிஸ், பூ விரியறதுக்கு முன்னாடியே மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைக் கொட்டிக்குது. தேனீ வந்து உக்காரும்போது கல்யாணம் முடிஞ்சு பந்தலையே பிரிச்சிருப்பாங்க. அங்கொண்ணு இங்கொண்ணு தப்பித்தவறி கலப்பு நடக்கும், அந்த ஒத்தை விதையை எப்படி கண்டுபிடிக்கிறதுங்கிறதுதான் இதுல பாதி வித்தை.

ரன்னர் பீன்ஸ், அதாவது இதே ஃபேசியோலஸ் பேரினத்துல வர்ற இன்னொரு இனம், அதோட கதை அப்படியே தலைகீழ். அதோட சூல்முடி (மகரந்தத்தை வாங்கிக்கிற நுனி) வெளிப்பக்கம் பார்த்து இருக்கும், மகரந்தம் ஒட்டணும்னா பெரிய வண்டு வந்து பூவை அமுக்கியே ஆகணும், அப்படி வர்ற வண்டு நாலு கொடி சுத்திட்டுத்தான் வருது, அதனால பக்கத்துல பக்கத்துல வெச்சா கலக்காம இருக்கவே இருக்காது. வெள்ளைப் பூ ரகத்தை சுத்தமா வெச்சுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது தலைவலி, புதுசு வேணும்ங்கிறவங்களுக்கு இலவச வேலையாள். இன்னொண்ணு, இது பல வருஷம் வாழ்ற கொடி. மெக்சிகோ, குவாத்தமாலா மலைப்பகுதிதான் இதோட சொந்த இடம், மண்ணுக்குள்ள சதைப்பத்தா ஒரு கிழங்கு வைக்கும், மேல கொடி காஞ்சு போனாலும் அதுல இருந்து மறுபடி துளிர்க்கும். உறைபனி விழற இடத்துல கிழங்கைத் தோண்டி, காயாம அழுகாம மண்ணுலயோ மரத்தூள்லயோ பொதிச்சு வெச்சு நட்டா, விதையில இருந்து வர்ற கொடியை விட சீக்கிரமே பூ எடுக்கும். ஆனா நல்ல வெயில் காலத்துல பூவா கொட்டும், காய் புடிக்காது, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

பல வருஷக் கொடின்னா ரன்னர் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. அவரை, சிறகவரை, வாளவரை எல்லாமே குளிர் கொல்லாத இடத்துல ஒரு வருஷத்துக்கு மேல நிக்கக்கூடியதுதான், நாமதான் ஒரு காய்ப்பு முடிஞ்சதும் புடுங்கிப் போட்டுடறோம். லைமா பீன்ஸ்லயும் (டபுள் பீன்ஸ்தான்) அப்படி ரகங்கள் உண்டு. அவரையிலயும் சிறகவரையிலயும் பழைய ரகங்கள் நிறைய பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும், பகல் குறைய ஆரம்பிக்காம மொட்டே வைக்காது, "செடி நல்லா இருக்கு ஆனா பூவே இல்ல"ன்னு புலம்பறவங்கள்ல பாதிப்பேர் இந்தக் கேஸ்தான், உரத்தைக் கொட்டினா இன்னும் இலைதான் வரும். ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும், லைமா மட்டும் சாதாரண பீன்ஸ், ரன்னரோட ஒரே பேரினம், மத்ததெல்லாம் பேர்ல பீன்ஸ்ஸே தவிர வேற வேற பேரினம். அவரையையும் ரன்னரையும் ஒரே கம்பத்துல ஏத்தினாலும் கலக்காது, தைரியமா வைக்கலாம்.

இப்போ விதை நிறத்துக்கு வரேன், நிறைய பேர் குழம்புற இடம் இதான். பீன்ஸ் விதையில நாம பார்க்கிற நிறம் தோலோட நிறம், அந்தத் தோல் முழுக்க அம்மாவோட திசு. உள்ள இருக்கிற பருப்புதான் பிள்ளை. அதனால வெள்ளை விதைக் கொடியில கருப்பு விதைக் கொடியோட மகரந்தம் போய் சேர்ந்தாலும் அந்த சீசன்ல காய்க்கிற விதை வெள்ளையாத்தான் இருக்கும், பார்த்து ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியாது. அதை விதைச்சு, அந்தக் கொடி காய்ச்சு, காயை உரிக்கும்போதுதான் வெள்ளைக்குப் பதிலா வேற நிறம் கொட்டும். அப்பவும் அந்த ஒரு கொடியில எல்லா விதையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதையும் விதைச்சா அடுத்த தலைமுறையிலதான் கொடிக்கு கொடி வித்தியாசம், ஒண்ணுல கருப்பு, ஒண்ணுல காப்பி நிறம், ஒண்ணுல மறுபடி வெள்ளை. ஆக போட்ட விதை ஒண்ணு, எடுத்த விதை வேறன்னா கலப்பு நடந்தது இந்த வருஷம் இல்ல, போன வருஷம். இதுக்காகத்தான் காயை எல்லாம் ஒரே கூடையில கொட்டாதீங்க, கொடிக்கு ஒரு கவர் போட்டு தனித்தனியா எடுங்கன்னு நான் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் நச்சரிக்கிறது. கலந்து கொட்டிட்டா எந்த விதை எந்தக் கொடின்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது.

பெரிய விதையா பொறுக்கி விதைச்சிட்டே வந்தா ரகம் பெருசாகிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதை டென்மார்க்காரர் யோஹான்சன் 1903லயே பீன்ஸை வெச்சுத்தான் உடைச்சுட்டார். ஒரே கொடி வழியா வந்த விதைகள்ல பெருசையும் சின்னதையும் தனித்தனியா விதைச்சார், பிள்ளைகளோட சராசரி எடை ஒண்ணாத்தான் வந்துச்சு. அந்த வித்தியாசம் எல்லாம் காய்க்குள்ள இருந்த இடம், தண்ணி, சத்து இதனால வந்தது, பரம்பரை இல்ல. 'ஜீன்'ங்கிற சொல்லை 1909ல உருவாக்கினதும் இதே ஆள்தான். அதனால கலப்பு இல்லாத ரகத்துல வருஷக்கணக்கா பொறுக்கிட்டே இருக்கிறது வெட்டி வேலை, பொறுக்கறதுக்கு முதல்ல உள்ள வேறுபாடு இருக்கணும்.

அது தானா வர்ற வரைக்கும் காத்திருக்க பொறுமை இல்லாதவங்க கையால கலக்கலாம். நாளைக்கு காலையில விரியப் போற மொட்டா பார்க்கணும், நல்லா உப்பி, நுனியில இதழ் நிறம் லேசா தெரியற மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆகிட்டா உள்ள மகரந்தம் கொட்ட ஆரம்பிச்சுடும், அதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுடணும். பெரிய இதழை கூர்மையான ட்வீஸரால பிரிச்சா உள்ள நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழல் இருக்கும், ஃபேசியோலஸ் பேரினத்தோட அடையாளமே அதுதான், அதுக்குள்ளதான் 10 மகரந்தத் தண்டும் நடுவுல சூல்முடியும். குழலைக் கிழிச்சு பத்தையும் எடுத்துடறது ஒரு முறை, எண்ணி எடுங்க, ஒண்ணு விட்டுப்போனா போச்சு. எனக்குப் புடிச்சது அதை விட சுலபம், அப்பா ரகத்துல விரிஞ்ச பூவோட இடது பக்க இறக்கை இதழை அமுக்கினா மகரந்தம் பூசின சூல்முடி வெளிய எட்டிப் பார்க்கும், அதை அப்படியே கிள்ளி எடுத்து அம்மா மொட்டோட சூல்முடியில கொக்கி மாதிரி மாட்டி, இதழை மூடி விட்டுடணும். கலர் நூல் கட்டி, அந்தக் கணுவுல இருக்கிற மத்த மொட்டு, பிஞ்சு எல்லாத்தையும் கிள்ளிடுங்க, இல்லைன்னா செடி இதைத்தான் முதல்ல உதிர்க்கும். உதிரத்தான் செய்யும், நிறையவே உதிரும்.

கலப்பு நிஜமாவே ஆச்சான்னு உறுதி பண்ண ஒரு தந்திரம். குத்துச்செடி ரகத்தை அம்மாவா வைங்க, கொடி ரகத்தை அப்பாவா வைங்க. கொடி குணம்தான் ஓங்கு குணம் (ரெண்டும் கலந்தா வெளிய தெரியறது), அதனால விதைச்சு வர்றதுல எது கம்பு தேடி ஓடுதோ அது கலப்பு, எது குட்டையா நிக்குதோ அது தானே தன்னோட கலந்தது, புடுங்கிடலாம். தண்டு பச்சையா இருக்கிற அம்மாவும் ஊதாத்தண்டு அப்பாவும் கிடைச்சா இன்னும் வேகம், முளைச்ச சில நாள்லயே நிறத்துல தெரிஞ்சுடும்.

ரெண்டாம் தலைமுறையிலதான் பிரியும்னு சொன்னேன்ல, அதுக்கப்புறம் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்புத்தன்மை பாதி பாதியா குறையும். ரெண்டாவதுல 50 சதவீதம், ஆறாவதுல 3 சதவீதம் மாதிரி. அப்பதான் ரகம்னு பேர் வைக்க முடியும், அதுக்கு முன்னாடி பேர் வெச்சு பகிர்றவங்களைப் பார்த்தா எனக்கு கடுப்பாகும்.

சரி, சாதாரண பீன்ஸோட காயும் ரன்னரோட கிழங்கும் ஒரே கொடியில வேணும்னா? பரம்பரை விதிகளைக் கண்டுபிடிச்ச மெண்டல் பட்டாணி மட்டும் பார்த்தார்னு நினைக்கிறோம், 1866 கட்டுரையில அவர் வெள்ளைப்பூ குட்டை பீன்ஸையும் சிவப்புப்பூ ரன்னரையும் கலந்ததும் இருக்கு. ரெண்டாம் தலைமுறையில பூத்த 31 செடியில ஒண்ணே ஒண்ணுதான் வெள்ளை, மத்ததெல்லாம் ஊதாவுல இருந்து வெளிர் நிறம் வரைக்கும் படிப்படியா, நாலுக்கு ஒண்ணு வெள்ளைங்கிற பட்டாணிக் கணக்கு அதுல உக்காரல. நிறத்தை ஒண்ணுக்கு மேல காரணிகள் சேர்ந்து தீர்மானிக்கலாம்னு அவரே ஊகிச்சார். இந்தக் கலப்புல சாதாரண பீன்ஸ் அம்மாவா இருக்கணும், மாத்திப் போட்டா கரு பெரும்பாலும் பாதியில நின்னுடும். முளைக்கும்போது கவனிங்க, சாதாரண பீன்ஸ் ரெண்டு பருப்பையும் மண்ணுக்கு மேல தூக்கிட்டு வரும், ரன்னர் மண்ணுக்குள்ளயே விட்டுட்டு வரும், கலப்பு ரெண்டுக்கும் நடுவுல மண்மட்டத்துல நின்னா நல்ல சகுனம். சிக்கல் என்னன்னா அடுத்தடுத்த தலைமுறைகள் அம்மா பக்கமே சாஞ்சுட்டு வரும், கிழங்கு காணாமப் போயிடும். அதனால ஒவ்வொரு சீசன் முடிவுலயும் வேரைத் தோண்டிப் பார்த்து தடிச்ச வேர் இருக்கிறதை மட்டும் மேல கொண்டு போகணும், காய் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

சாப்பிட்டுப் பார்த்துத்தான் தேர்வு பண்ணுவீங்க, ஆனா விதையை அரைவேக்காட்டுல ருசி பார்க்காதீங்க. லெக்டின்னு வயித்தைக் கெடுக்கிற நஞ்சுப் புரதம் இருக்கு, ஊற வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும், அப்புறம் வேகுற வரைக்கும் விடணும். லைமாவுல காட்டு ரகம் கலந்திருந்தா சயனைடு தர்ற பொருளும் சேர்ந்துக்கும், அதை ருசி பார்க்கவே வேணாம். இலை வெளிர் பச்சை கரும் பச்சைன்னு திட்டுத்திட்டா சுருங்கின கொடியில இருந்து விதை எடுக்காதீங்க, மொசைக் வைரஸ் விதை வழியாவே அடுத்த வருஷத்துக்கும் வந்துடும். காய் கொடியிலயே நெத்தா காயட்டும், விதை நகம் பதியாத அளவுக்கு, சுத்தியலால அடிச்சா நசுங்காம உடையற அளவுக்கு காஞ்சதும் காத்துப் போகாத டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல ஒரு வாரம், உள்ள இருக்கிற வண்டு முட்டையெல்லாம் செத்துடும். ஈரம் இருக்கும்போது வெச்சா விதையும் சேர்ந்து செத்துடும். வெளிய எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காம அறை சூட்டுக்கு வந்த அப்புறம் திறங்க, இல்லைன்னா விதை மேல தண்ணி கோத்துக்கும்.